பிளேடா, கேவிட்டி பேக்கா: ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

#1 கோவை_16 (வியாழன், இரவு 9.40)

வணக்கம். இதுவரை வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. செட்டிபாளையத்தில் ஏழு வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறனுக்கான எண், 16 (குறையக் குறைய நல்லது). நல்ல நாளில் 87 அடியில் முடியும், கெட்ட நாளைப் பற்றிக் கேட்காதீர்கள். கையில் இருப்பது மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போது தூக்கிக்கொண்டு வந்த பெட்டி செட். கிரிப் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்குகிறது. அயர்ன், அதாவது இரும்புத் தலை மட்டைகளை, மாற்ற வீட்டில் ஒப்புதல் வாங்கிவிட்டேன், ஆனால் ஒரே ஒரு முறைதான்.

எதிரே இரண்டு வழி. கிளப்பில் ஒரு பெரியவர் முழங்கால் அறுவைக்குப் பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டார். தன் டைட்டிலிஸ்ட் 620 எம்பி செட்டை, 4 அயர்னிலிருந்து (எண் கூடக் கூடத் தூரம் குறையும்) குறைந்த தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் வரை, 45,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். அசல் பிளேடு, முதுகு குடையாத ஒல்லித் தலை. 7 அயர்னைப் பையிலிருந்து உருவிக் காட்டினார், கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னொன்று ஒரு கடையில் இருக்கும் பிங் ஜி425. கேவிட்டி பேக், முதுகு குடைந்த தலை. விலை அதிகம், மேலிருந்து பார்த்தால் தோசைத்திருப்பி மாதிரி இருக்கிறது.

டிரைவிங் ரேஞ்சில் இரண்டு 7 அயர்னையும் அடித்துப் பார்த்தேன். பிளேடில் நன்றாகப் பட்ட பந்து 140 யார்டு. பிங்கில் 155. ஆனால் பிளேடில் நடுவில் பட்ட அந்த நாலைந்து பந்து இருக்கிறதே, கையில் எதுவும் பட்ட மாதிரியே இல்லை. மீதி எல்லாம் விரல் விண்ணென்று தெறித்தது.

பிளேடு வாங்கினால் ஆட்டம் தானாகத் திருந்தும் என்கிறான் நண்பன். உண்மையா? பெரியவருக்கு ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

#2 இருபத்திரண்டு (வியாழன், இரவு 9.52)

15 யார்டு கூடுதலாகப் போகிறது, விரலும் வலிக்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? ஜி425 வாங்குங்கள். இழையை மூடலாம்.

#3 சிலாங்கூர்_சிவா (வியாழன், இரவு 11.15)

மூட வேண்டாம் அண்ணே, நான் இப்போதுதான் வந்தேன்.

ஹேண்டிகேப் 18 இருந்தபோது மிசுனோ எம்பி-33 வாங்கினேன். கிளப்பில் எல்லாரும் சிரித்தார்கள். முதல் ஆறு மாதம் அழுகைதான், ஒத்துக்கொள்கிறேன். இன்று 5. பிளேடு பொய் சொல்லாது. நுனியில் பட்டால் நுனியில் பட்டது என்று கை சொல்லும், குதிகாலில், அதாவது தண்டுப் பக்கம், பட்டால் முழங்கை வரை சொல்லும். கேவிட்டி பேக்கில் எங்கே பட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், தப்பு எங்கே என்று தெரியாமலே பத்து வருடம் ஆடலாம். ஸ்காட்டி ஷெஃப்லர் அடிப்பது என்ன? பிளேடு. டைகர் உட்ஸ் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்பாலும் அடித்தது என்ன? பிளேடு.

கண்ணை எடுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் யோசனை?

#4 மெட்டல்_மணி (வெள்ளி, காலை 6.20)

உலோகத்தோடு 34 வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளேடில் எடை முழுவதும் முகத்தின் நடுவுக்குப் பின்னால், கொஞ்சம் ஹோசல் (தண்டு சொருகும் கழுத்து) பக்கம் சாய்ந்து, திரண்டு கிடக்கிறது. கேவிட்டி பேக்கில் முதுகைக் குடைந்து எடுத்து, அந்த எடையைச் சுற்று விளிம்புக்கும் அடிப்பாகத்துக்கும் தள்ளியிருக்கிறார்கள். காவடி எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். தண்டின் இரண்டு முனையிலும் குடம் தொங்கினால் சட்டென்று திரும்ப முடியாது. அதே இரண்டு குடத்தையும் தண்டின் நடுவில் கட்டித் தோளோடு சேர்த்துக்கொண்டால் சுண்டுவிரலால் திருப்பலாம். நுனியில் பந்து மோதும்போது அயர்ன் தலை முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது. எடை விளிம்பில் இருந்தால் அந்த முறுக்கு குறையும். முறுக்கு குறைந்தால் பந்தின் வேகமும் திசையும் கொஞ்சமாவது தப்பிக்கும். எடை கீழே இருப்பதால் பந்து எளிதாக மேலே எழும்பும். அவ்வளவுதான் இதன் ரகசியம். நடுவில் பட்ட பந்துக்கு இது எதையும் பெரிதாகச் செய்துவிடாது, தவறிய பந்துக்குத்தான்.

இரண்டாவது விஷயம், ஃபோர்ஜ்டு, காஸ்ட் என்ற சண்டை. 620 எம்பி 1025 கார்பன் ஸ்டீலை அடித்து உருவாக்கியது, அதாவது கால் சதவீதம் கரி உள்ள மெது எஃகு. ஜி425 வார்ப்பு, 17-4 ரகத் துருப்பிடிக்காத எஃகு: 17 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல். வார்ப்பு என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை சுவாமிமலைக்குப் போய் வாருங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். கோல்ஃப் அயர்ன் வார்க்கும் முறைக்கும் அடிப்படை அதேதான், மண்ணுக்குப் பதிலாகப் பீங்கான் ஓடு.

மெது எஃகின் உண்மையான லாபம், லாஃப்டையும் (முகத்தின் சாய்வு; குறைந்தால் தூரம் கூடும்) லையையும் (தண்டு தரையோடு சேரும் கோணம்) வளைத்துச் சரிசெய்யலாம் என்பது. 17-4 எளிதில் வளைந்து கொடுக்காது. “வெண்ணெய் மாதிரி” என்று சொல்கிறார்களே, அதில் பெரும்பங்கு சத்தம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இரண்டையும் அடித்துப் பாருங்கள். நான் பார்த்தேன். வெண்ணெய் பாதி உருகிவிட்டது.

#5 சிலாங்கூர்_சிவா (வெள்ளி, காலை 7.05)

மணி சார், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டால் ருசி குறையாது. ஆனால் கச்சேரிக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு போவார்களா? சத்தமும் சேர்ந்ததுதானே அடி?

#6 மெட்டல்_மணி (வெள்ளி, காலை 7.11)

அது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

#7 மீனா_ஃபிட்டிங் (வெள்ளி, காலை 10.30)

பெங்களூரில் கிளப் ஃபிட்டிங், அதாவது ஆளுக்கேற்ற மட்டை பார்த்துக் கொடுக்கும் வேலை, செய்கிறேன். யாரும் இன்னும் அந்த 15 யார்டைப் பிரித்துப் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோவை சார், நீங்கள் அடித்த 620 எம்பி 7 அயர்னின் லாஃப்ட் 35 டிகிரி. ஜி425இன் 7 அயர்ன் 30 டிகிரி. 620 எம்பி செட்டில் 6 அயர்னே 31 டிகிரி. அதாவது கிளப்பின் அடியில் ஒரே எண்ணைப் பொறித்திருக்கிறார்களே தவிர, ஒரு 6 அயர்னையும் ஒரு 7 அயர்னையும்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அந்த 15 யார்டில் பெரும்பகுதி கேவிட்டி தந்ததல்ல, லாஃப்ட் தந்தது.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை கீழே இறங்கியதால் பந்து உயரமாகக் கிளம்புகிறது, அந்த உயரத்தைச் சரிக்கட்ட லாஃப்டைக் குறைக்கிறார்கள். ஆனால் கடையில் நிற்கும்போது திரையில் தெரிவது தூரம் மட்டும். இறங்கும் கோணத்தையும் சுழற்சியையும் பாருங்கள். 155 யார்டு பறந்து, கடினமான கிரீனில் (குழியைச் சுற்றிய புல்தரை) விழுந்து, பின்பக்கம் ஓடி மணல் பள்ளமான பங்கரில் விழுந்தால் அந்தத் தூரத்தால் என்ன பயன்? இன்னொன்று, இந்த மாதிரி செட்டில் பிட்சிங் வெட்ஜே 45 டிகிரி பக்கம் வந்துவிடும். அதற்கும் 56 டிகிரி வெட்ஜுக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழும், இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். அந்தச் செலவை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

சிவா அண்ணா, ஷெஃப்லர் பற்றி ஒரு சின்னத் திருத்தம். 2024 மாஸ்டர்ஸ் ஜெயித்தபோது 5 அயர்னிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை டெய்லர்மேட் பி7டிடபிள்யூ பிளேடு, அது சரி. ஆனால் 3, 4 இரண்டும் ஸ்ரிக்சனின் உள்ளீடற்ற யுட்டிலிட்டி அயர்ன்கள். உலகின் முதல் நிலை ஆட்டக்காரரே நீள அயர்னில் உதவி வாங்கிக்கொள்கிறார்.

#8 இருபத்திரண்டு (வெள்ளி, காலை 10.44)

ஆக என் 7 அயர்ன் உண்மையில் 6 அயர்ன். இத்தனை நாள் மனைவியிடம் “7 அயர்னிலேயே 150” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றி மீனா, ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டீர்கள்.

#9 பழைய_கேடி (வெள்ளி, மதியம் 1.20)

எல்லாருக்கும் வணக்கம். நான் கிண்டியில் கேடி, அதாவது ஆடுபவர்களின் பை தூக்கியவன். பதினொரு வயதில் ஆரம்பித்தேன். இப்போது நந்தனம் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்களுக்கு ஏது தேர்வு? மெம்பர் தூக்கிப்போட்ட அயர்ன்தான் கிடைக்கும். என் முதல் கிளப் ஒரு 5 அயர்ன், பிளேடு, ஹோசல் பக்கம் துருப்பிடித்தது, கிரிப் போன இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தேன். அந்த ஒரே கிளப்பில் எல்லாம். ஆட்டம் தொடங்கும் டீயிலிருந்தும் அதுதான், பங்கரிலிருந்தும் அதுதான், கிரீனில் அதன் விளிம்பால் புட்டிங். முகத்தைத் திறந்து அடித்தால் 8 அயர்ன், மூடி அடித்தால் 3 அயர்ன். அப்படி அடித்துத்தான் கை படிந்தது. அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர், 1991இல் இந்தியன் ஓபன் ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். அவர்கள் காலத்துப் பையன்கள் யாரும் லாஞ்ச் மானிட்டர் என்ற பந்து அளக்கும் கருவியைக் கண்ணால் பார்த்ததில்லை.

பிளேடு சொல்லிக்கொடுக்கும் என்று சிவா தம்பி சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரிய தலை கேவிட்டியில் ஆரம்பித்தவர்களுக்குப் பந்தை வளைக்கச் சொன்னால் முழிக்கிறார்கள்.

#10 மீனா_ஃபிட்டிங் (வெள்ளி, மதியம் 2.02)

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் பேசக்கூடாதுதான். ஆனாலும் ஒரு கேள்வி. அந்த 5 அயர்னில் ஒரு நாளைக்கு எத்தனை பந்து அடிப்பீர்கள்?

#11 பழைய_கேடி (வெள்ளி, மதியம் 2.30)

காலையில் மெம்பர் வருவதற்கு முன் நூறு, சாயங்காலம் இருட்டும் வரை. கணக்கு யார் வைத்தது?

#12 மீனா_ஃபிட்டிங் (வெள்ளி, மதியம் 2.41)

அதைத்தான் சொல்ல வந்தேன். கை படிந்தது அத்தனை பந்தால் என்று நான் நினைக்கிறேன், அது பிளேடாக இருந்ததால் அல்ல. கோவை சார் வாரத்துக்கு எத்தனை பந்து அடிக்கிறார்? ஞாயிறு ஒரு ரவுண்டு, நடுவில் ஒரு நாள் ரேஞ்சில் ஒரு பக்கெட் இருக்கலாம். அந்த அளவுக்குப் பிளேடு சொல்லும் பாடம் காதில் விழும், உடம்பில் ஏற நேரம் இருக்காது.

இன்னொன்று, பந்து வளைவது முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, கிளப் எந்தப் பாதையில் வருகிறது என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால். கேவிட்டியிலும் வளைக்கலாம். ஆஃப்செட் (தண்டுக்குப் பின்தள்ளிய முகம்) அதிகமுள்ள பெரிய தலையை வேண்டும்போது திறந்து பிடிக்கக் கொஞ்சம் சிரமம், அதை மறுக்கவில்லை.

#13 நடத்துநர் (வெள்ளி, மாலை 4.00)

“கேவிட்டி ஆடுகிறவன் கோல்ஃபரே இல்லை” என்று தொடங்கிய ஒரு பதிவையும், அதற்கு வந்த நான்கு பதில்களையும் நீக்கியிருக்கிறேன். இரும்பைப் பற்றிப் பேசுவோம்.

#14 பழைய_இரும்பு (வெள்ளி, இரவு 8.15)

நீக்கப்பட்டதில் ஒன்று என்னுடையது. மன்னிப்பு. பழைய அயர்ன் சேர்ப்பது என் பைத்தியம், அதனால் கொஞ்சம் சூடாகிவிட்டேன்.

நீக்கிய பதிவுகளில் கேவிட்டி பேக் சோம்பேறிகளுக்காகப் பிறந்தது என்று எழுதியவருக்கு ஒரு கதை. கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயின் பெர்கனில் 1911இல் பிறந்தவர், சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர், செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்து பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளர் ஆனவர். கோல்ஃப் பிடித்ததே நாற்பது வயதுக்கு மேல். புட்டிங் வரவில்லை. வராத குறையைத் தன் மேல் போட்டுக்கொள்ளாமல் புட்டர் மேல் போட்டார். எடையை இரு முனைக்கும் தள்ளி 1959இல் வீட்டு கராஜில் ஒரு புட்டர் செய்தார், அடித்தால் “பிங்” என்றது, கம்பெனிக்கு அதுவே பெயர். பிறகு அதே யோசனையை அயர்னுக்குக் கொண்டுபோனார். 1982இல் வந்த ஐ2 அயர்ன் இந்த ஆட்டத்தின் முகத்தையே மாற்றியது. நான்கு வருடப் பழைய ஐ2 செட் ஒன்றை 1990களில் வாங்கினேன், இன்னும் பையில் இருக்கிறது. அழகு என்று யாரும் சொன்னதில்லை.

அந்த ஐ2இன் முகத்தில் வெட்டிய சதுரப் பள்ளங்களை எதிர்த்து அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ போட்ட சண்டை நீதிமன்றம் வரை போய் 1990இல் சமாதானமாயிற்று. பழைய ஐ2க்கு விலக்கு கிடைத்தது. 2010இல் புதிய பள்ள விதி வந்தபோது, அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு ஃபில் மிக்கல்சன் இருபது வருடப் பழைய ஐ2 வெட்ஜைப் பையில் போட்டுக்கொண்டு டோரி பைன்ஸ் மைதானத்தில் இறங்கினார். சோம்பேறி அயர்னுக்கு எவ்வளவு பயந்தார்கள் பாருங்கள்.

சரி, பிளேடுக்கும் ஒரு வணக்கம் வைக்கிறேன். 1950 யுஎஸ் ஓபனில் மெரியன் மைதானத்தின் கடைசிக் குழியில் பென் ஹோகன் 1 அயர்ன் அடித்து முடித்த நொடியில் எடுத்த புகைப்படத்தைப் பார்க்காத கோல்ஃபர் இருக்க மாட்டார். அந்த 1 அயர்ன் அன்றைக்கே காணாமல் போய், பல வருடம் கழித்துக் கிடைத்து, இப்போது யுஎஸ்ஜிஏ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கத்தி மாதிரி இருக்கும். அதை வைத்து அந்த நிலையில் அந்த அடி. நம்மால் டீ ஆணியில் வைத்துக் கொடுத்தால்கூட முடியாது.

#15 நுவரெலியா_காற்று (வெள்ளி, இரவு 10.05)

எல்லோரும் தலையைப் பற்றியே கதைக்கிறீர்கள், நிலத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஆடுவது நுவரெலியாவில், 1889இல் தொடங்கிய கழகம். புல் அனேகமான நாட்களில் ஈரம், மண் இளகியிருக்கும். என் பழைய பிளேடின் ஒடுங்கிய அடிப்பாகம் அந்த மண்ணுக்குள் அப்படியே இறங்கிவிடும். பந்துக்கு அரை அங்குலம் பின்னால் பட்டால் போதும், புல்லுத்துண்டு பந்தைவிடத் தூரம் போகும். அகன்ற அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போகிறது, பிழை மன்னிக்கப்படுகிறது. ஆனால் கொழும்புக்கு இறங்கி மழையில்லாத மாதத்தில் ஆடினால் நிலம் தகடு. அங்கே அதே அகன்ற அடிப்பாகம் நிலத்தில் மோதிக் குதித்துப் பந்தின் வயிற்றில் அடிக்கிறது. அங்கே எனக்குப் பிளேடுதான் வசதி.

தம்பி, செட்டிபாளையம் எப்படி?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். இங்கே 150 போகிற 7 அயர்ன் கொழும்பில் 140ஐச் சுற்றித்தான் போகும். ஊட்டியில் விடுமுறைக்கு ஆடிவிட்டு “இந்த அயர்ன் என்னமாய்ப் போகிறது” என்று வாங்கி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். குற்றம் அயர்னில் இல்லை, காற்றில்.

#16 கோவை_16 (சனி, காலை 6.10)

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

அண்ணா, செட்டிபாளையத்தில் கோடையில் தரை கெட்டி, மழைக்குப் பிறகு இளகும். வருடத்தில் அதிக நாள் கெட்டிதான். மீனா மேடம் சொன்ன பந்துக் கணக்கு ரொம்பச் சரி. வாரத்துக்கு ஒரு பக்கெட், அதுவும் மழை வந்தால் இல்லை.

நாளைக் காலை பெரியவர் 6, 7 இரண்டு பிளேடையும் கடனாகத் தருகிறார். பிங் 7ஐக் கடைக்காரர் ஒரு நாளைக்குத் தருகிறேன் என்றார். எப்படிப் பார்ப்பது?

#17 மீனா_ஃபிட்டிங் (சனி, காலை 9.00)

பாயில் அடிக்காதீர்கள். ரேஞ்சின் பிளாஸ்டிக் பாயில் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு வந்து பந்தைத் தொட்டுவிடும், தப்பே தெரியாது. புல்லில் அடியுங்கள். பிங் 7க்கு எதிராகப் பிளேடு 6. தலா பதினைந்து பந்து, ஒன்றையும் “இது கணக்கில் இல்லை” என்று விடக்கூடாது. நன்றாகப் போன ஐந்தை மறந்துவிட்டு, மோசமான ஐந்து எங்கே விழுந்தது என்று நடந்துபோய்ப் பாருங்கள். உங்கள் ஸ்கோர் அந்த ஐந்தில்தான் இருக்கிறது. முகத்தில் பந்து பட்ட இடம் தெரிய, வெள்ளைப் பலகைக்கு எழுதும் மார்க்கரால் பந்தில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கிளப் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். மை ஒட்டிக்கொள்ளும்.

#18 இருபத்திரண்டு (சனி, காலை 9.20)

மார்க்கர் இல்லாவிட்டால் முகத்தில் விபூதி பூசி அடிக்கலாம். நான் செய்திருக்கிறேன். பட்ட இடமும் தெரியும், அருளும் கிடைக்கும்.

#19 மெட்டல்_மணி (சனி, காலை 11.45)

முக்கியமான ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டோம், நானும்தான். கோவை தம்பி, அந்த பிளேடு செட்டில் என்ன ஷாஃப்ட், அதாவது தண்டு? கிரிப்புக்குக் கீழே தண்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்.

#20 கோவை_16 (சனி, மதியம் 12.30)

பெரியவருக்கு போன் செய்து கேட்டேன். டைனமிக் கோல்ட், எக்ஸ்100.

#21 சிலாங்கூர்_சிவா (சனி, மதியம் 12.34)

அய்யோ.

#22 மெட்டல்_மணி (சனி, மதியம் 12.50)

எக்ஸ்100 என்றால் சுமார் 130 கிராம், அந்த வரிசையிலேயே மிகக் கெட்டியானவற்றில் ஒன்று. பெரியவர் இளமையில் எப்படி அடித்திருப்பார் என்று புரிகிறது. 140 யார்டு 7 அயர்ன் அடிப்பவருக்கு அது கடப்பாரை. நேரத்துக்கு முகம் சதுரமாகத் திரும்பி வராது. உங்கள் விரல் தெறித்ததில் பாதி பிளேடின் குற்றமா, ஷாஃப்டின் குற்றமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எடை குறைந்த ஸ்டீல் ஷாஃப்ட் போட்ட வேறொரு சிறிய தலை அயர்ன் கிடைத்தால் அதையும் சேர்த்து அடித்துப் பாருங்கள். நிப்பான் 950 மாதிரி, 100 கிராமுக்குள்.

#23 கோவை_16 (ஞாயிறு, மதியம் 1.15)

முடிந்தது. வெயிலில் கழுத்து கருகிவிட்டது.

பிளேடு 6: நல்ல அடி 149 யார்டு. மோசமான ஐந்து 110லிருந்து 128க்குள், அதில் மூன்று வலப்பக்கம். மை எல்லாம் முகத்தின் நுனிப் பக்கம், கீழே. பிங் 7: நல்ல அடி 154. மோசமான ஐந்து 136லிருந்து 145க்குள், திசையும் பரவாயில்லை. அதாவது என் நல்ல அடிக்கு இரண்டுக்கும் ஐந்து யார்டுதான் வித்தியாசம், மோசமான அடிக்கு ஒரு கிளப்புக்கு மேல். மீனா மேடம் சொன்ன ஐந்தை நடந்துபோய்ப் பார்த்தபோது சங்கடமாகத்தான் இருந்தது. பிளேடில் எங்கள் 4ஆம் குழிக் குளத்துக்குள் இரண்டு போயிருக்கும்.

ஆனால் பிங்கிலும் ஒரு குறை. பயிற்சி கிரீனில் விழுந்த பந்து எட்டு, ஒன்பது அடி வைத்து நடக்கும் தூரம் ஓடியது. கெட்டித் தரையில் பந்தின் வயிற்றில் அடித்த அடிகள் மூன்று. நுவரெலியா அண்ணா சொன்னது அப்படியே நடந்தது.

அப்புறம் எதிர்பாராத ஒன்று. கிளப்பில் கூட ஆடும் ஒருவரிடம் பிங் ஐ210 இருந்தது, லேசான ஷாஃப்ட், அவர் விற்கவும் நினைத்துக்கொண்டிருந்தார். கேவிட்டிதான், ஆனால் தலை சிறியது, அடிப்பாகம் ஒடுக்கம், 7 அயர்ன் 33 டிகிரி. நல்ல அடி 146. மோசமான ஐந்து 128லிருந்து 137. கிரீனில் நின்றது. நடுவில் பட்டபோது பிளேடு மாதிரி இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விரல் தெறிக்கவில்லை. 50,000 பேசி முடித்துவிட்டேன். பெரியவரிடம் வேண்டாம் என்று சொல்லப் போனேன், அவர் சிரித்துக்கொண்டே “நான் அதை வாங்கும்போது எனக்கு ஹேண்டிகேப் 4” என்றார்.

#24 சிலாங்கூர்_சிவா (ஞாயிறு, மதியம் 1.40)

வாழ்த்துகள். அதே பிளேடில் லேசான ஷாஃப்ட் போட்டு அடித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று தெரியாமலே முடிவு எடுத்துவிட்டீர்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

#25 மீனா_ஃபிட்டிங் (ஞாயிறு, மதியம் 2.10)

அது நியாயமான கேள்விதான் சிவா அண்ணா. திசை கொஞ்சம் திருந்தியிருக்கும். நுனியில் பட்ட அடியின் தூரம் அவ்வளவாகத் திருந்தியிருக்காது என்பது என் கணிப்பு. ஒரு 7 அயர்ன் பிளேடு மட்டும் தனியாகக் கிடைத்தால், கோவை சார், பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் கடைசி இருபது பந்து அதில்.

#26 பழைய_கேடி (ஞாயிறு, மாலை 5.30)

கோவை தம்பி, அந்த டைட்டிலிஸ்ட் செட்டை வேறு யாருக்கும் சொல்லிவிட்டாரா? என்னிடம் ஒரு பையன் இருக்கிறான், பதினாறு வயது, தினமும் பந்து அடிப்பவன். ஷாஃப்டை மாற்றிக் கொடுத்தால் அவனுக்குச் சரியாக இருக்கும். பெரியவர் 40,000க்கு இறங்குவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள், இரண்டு தவணையில் தந்துவிடுவேன்.

#27 மீனா_ஃபிட்டிங் (ஞாயிறு, மாலை 5.48)

ஐயா, பையனை ஒருமுறை பெங்களூருக்கு அனுப்புங்கள், 4, 5 அயர்னை மட்டுமாவது கேவிட்டியில் பார்ப்போம்.

#28 பழைய_கேடி (ஞாயிறு, மாலை 5.55)

அனுப்புகிறேன் அம்மா. பிளேடையும் கொடுத்துத்தான் அனுப்புவேன்.